ஷட்டர் இறங்காத தெரு

பிப்ரவரி 6

சின்னவளுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும், "வேலையில இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இரண்டு வருடமாக வந்து சேரவில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது பிரித்தாக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இஸ்திரிப்பெட்டி பிடித்துப் பழகிய கை, பேனாவையும் அழுத்தித் தேய்க்கிறது.

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத வரவில்லை. இருக்கிறோம், அவ்வளவுதான். உன் பெரியவர் போன மாதம் ஈர மூட்டையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுக்கவைத்து, இனிப் பளு தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சலவைக்கடைக்காரர் மூட்டை தூக்காமல் வேறு என்ன செய்வார்? துணியைப் பார்த்து, "நீயே நடந்து போய்க் கொடியில ஏறிக்கோ" என்று சொல்வாரா? வீட்டில் உட்கார்ந்து என்னைத் திட்டுவதுதான் இப்போது அவருக்கு வேலை. அதை நன்றாகவே செய்கிறார்.

அந்த ஒரு வாரமும் கடை திறந்துதான் இருந்தது. புதிதாக வரும் வாடிக்கைக்காரி ஒருத்தி, "உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருக்கும்போது முடிவெட்டறவர் ஏன் உங்க கடையில உட்கார்ந்திருக்கார்?" என்று கேட்டாள். அவளுக்கு விளக்கினேன். "எங்க வரிசையில ஒவ்வொரு கடைச் சாவியும் மத்த கடை ஆணியில தொங்கும்மா. ரொட்டிக்கடையம்மா ஒரு பாஷை, முடிவெட்டறவர் ஒரு பாஷை, பூட்டுக்காரர் எந்தப் பாஷையும் பேசறதில்ல. சாமி வேற, நல்ல நாள் வேற, கெட்ட நாள் வேற. ஆனா கல்யாணமோ காய்ச்சலோ சாவோ எது வந்தாலும், பக்கத்துல இருக்கறவங்க சாவிய எடுத்துட்டு வந்து திறந்து உட்கார்ந்துடுவோம். எங்க தெருவுல ஷட்டர் இறங்காது" என்றேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. என்ன, முடிவெட்டுகிறவர் எல்லாத் துணிக்கும் கஞ்சி போட்டுவிட்டார். உள்பாவாடைக்குக்கூட. ஒரு வாரம் இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அட்டை மாதிரி விறைப்பாக நடந்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது. கட்டடக்காரர் வந்து இவர் நிற்கிற கோலத்தைப் பார்த்தார். "வேலை செய்யத் தெம்பு இருக்கிற இன்னொரு ஆள் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் புதுப்பிப்பேன். இல்லேன்னா போன் உறை விக்கறவன் ஒருத்தன் கேட்டுட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டார். அந்த இன்னொரு ஆள் இவர் தம்பி, சின்னவன்தானே. வேறு யார் இருக்கிறார்கள் நமக்கு?

ஓரகத்திகள் என்றால் சண்டை போட வேண்டும் என்பார்கள். நாம் போடவில்லை. நம் புருஷன்மார் நமக்கும் சேர்த்துப் போட்டார்கள். துணி காயவைக்கும் மெஷின் வாங்குவதா, வேண்டாமா என்று நடுத்தெருவில் நின்று கத்திவிட்டு, ஒருவர் கிழக்கே போனார், ஒருவர் மாடிக்குப் போனார். அதோடு நீங்கள் இந்த ஊரை விட்டே போய்விட்டீர்கள். தானாடாவிட்டாலும் தசையாடும் என்பார்கள். இவருக்கு இடுப்பு பிடித்தது தெரிந்தாவது சின்னவன் வர வேண்டாமா. நீ சொன்னால் வருவான். மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். மெஷினையும் வாங்கிக்கொள்ளட்டும், நான் இவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

வந்துவிடுங்கள். எனக்கு இனி முடியவில்லை.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுதுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் படுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெரியவர் உடம்பை நினைத்துக் கவலையாக இருக்கிறது. இவரிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், வெகுநேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது. அவர் வராததற்குக் காரணம் மெஷின் இல்லை என்பதை மட்டும் பெரியவரிடம் சொல்லுங்கள். அவர் எனக்காகத்தான் வரவில்லை.

இங்கே ஒரே அறை. இவர் காலையில் சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருக்கிறேன். கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத இடம். மலை மலையாகப் போர்வை வரும். யார் போர்த்தியது, பிழைத்தாரா, வீட்டுக்குப் போனாரா, ஒன்றும் தெரியாது. நம் கடையில் ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு முகம் இருந்தது. இங்கே முகம் இல்லாத துணி. உங்களுக்கு அது பிடிக்காது. எனக்கு அதுதான் நிம்மதியாக இருக்கிறது.

என்னோடு வேலை செய்கிறவள் எந்த நாட்டுக்காரி என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அவளுக்கும் எனக்கும் பொதுவாகப் பத்து வார்த்தை இருந்தால் அதிகம். குழந்தைகள் பிரிவிலிருந்து சின்னத் துணிகள் வரும் வண்டி ஒன்று உண்டு. அதை அவளே தள்ளிக்கொண்டு போய்விடுவாள், என்னைத் தொடவிட மாட்டாள். நான் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு நாள் அந்த வண்டி முன்னால் நான் நின்றுபோனதைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அக்கா, எங்களால் வர முடியாது. கடை போய்விடும் என்று தெரிந்தும்தான் சொல்கிறேன். காரணம் கேட்காதீர்கள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். வேறு யாரையாவது கையெழுத்துக்குப் பாருங்கள். பெரியவருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள்.

உங்கள்
சின்னவள்


பிப்ரவரி 25

சின்னவளுக்கு,

உட்காரச் சொல்லி எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். நான் உட்கார்ந்தால் துணியை யார் பிழிவது, நீயா?

காரணம் கேட்காதே என்றால் எனக்கு மண்டை வெடித்துவிடாதா. இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நான் உனக்கு என்ன குறை வைத்தேன்? நீ கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உன்னை ஒரு கனத்த துணி அலச விட்டேனா? உனக்குத் தும்மல் வரும் என்று சோப்புத்தூளைக்கூட மாற்றினேன், இவர் முணுமுணுத்தும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து போர்வை மடிக்கும்போது, நீ உன் முனையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் நடந்து வருவாயே, அப்போது சொல்லாத ரகசியம் உண்டா? இப்போது எழுதுகிறாய், காரணம் கேட்காதே என்று. வேண்டாத பொண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பார்கள். நான் உனக்கு வேண்டாத அக்கா ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

நீ படுத்திருந்த காலத்தை நினைத்துப் பார். மேலே நீ கிடக்கிறாய், சின்னவன் பித்துப் பிடித்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அப்போதுகூட ஒரு நாள் ஷட்டரை இறங்க விட்டேனா? இறங்கினால் வாடிக்கை போய்விடும், எழுந்து வரும்போது உனக்கு ஒரு கடை இருக்க வேண்டுமே என்று நின்றேன். தெருவே நின்றது. முடிவெட்டுகிறவர் தன் நாற்காலியில் ஆளை உட்காரவைத்துவிட்டு, பாதி முடியோடு காத்திருக்கச் சொல்லிவிட்டு, இங்கே வந்து மூட்டை இறக்கினார். இவ்வளவும் யாருக்காக?

கட்டடக்காரர் நேற்று மறுபடி வந்தார். போன் உறைக்காரனும் கூட வந்து சுவரை அளந்தான். நான் இஸ்திரி போட்டுக்கொண்டே நின்றேன். "அம்மா, கொஞ்சம் தள்ளுங்க" என்றான். என் கடையில் என்னைத் தள்ளச் சொல்கிறான்.

கோபமாக எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதத் தெம்பில்லை. இப்படியே அனுப்புகிறேன்.

அக்கா


மார்ச் 4

அக்கா,

"அப்போதுகூட ஒரு நாள் ஷட்டரை இறங்க விட்டேனா" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பல தடவை படித்தேன். அதற்காகத்தான் அக்கா நான் வரமாட்டேன் என்கிறேன்.

உங்களை நோகடிக்கக்கூடாது என்றுதான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். இனி வைத்துக்கொண்டிருக்கவும் எனக்குச் சக்தியில்லை.

எட்டு மாதம் சுமந்து, மூச்சில்லாமல் பிறந்த பெண்ணை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு அந்த மாடிக்கு வந்தேன். மறுநாள் காலையில் கண் விழித்ததும் நான் முதலில் கேட்டது ஷட்டர் தூக்குகிற சத்தம். எப்போதும் போல அதே நேரம், அதே கிறீச். அப்புறம் துவைக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தது. அது ஓடினால் மேலே கட்டில் அதிரும், உங்களுக்குத் தெரியும். அது சுற்றுவது என் முதுகில் தெரிந்தது. பால் கட்டி மார்பு வலித்தது. கீழே யாரோ ஒரு வாடிக்கைக்காரர் முடிவெட்டுகிறவரிடம் என்னவோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கடை திறந்திருந்தால் யாராவது சிரிக்கத்தான் செய்வார்கள்.

நீங்கள் மேலே வந்தீர்கள். கஞ்சி கொடுத்தீர்கள், தலை வாரிவிட்டீர்கள். "நீ ஒண்ணும் யோசிக்காத, கடை பாட்டுக்குக் கடை ஓடுது" என்று சொன்னீர்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். களைப்பு என்று நினைத்தீர்கள்.

முடிவெட்டுகிறவரின் அப்பா போனபோதும் கடை மூடவில்லையே என்று கேட்பீர்கள். அவர் எண்பது வயதுவரை இருந்த மனிதர். ஷட்டர் திறந்திருந்தது, ஆனால் அந்த வாரம் முழுக்கத் தெருவில் அவரைப் பற்றித்தான் பேச்சு. என் பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கீழே இறங்கி வந்த நாளில் ரொட்டிக்கடையம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். பூட்டுக்காரர் குனிந்துகொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் எட்டு மாத வயிற்றைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அதை மறைத்தார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை போல. சில நாள் எனக்கே சந்தேகம் வந்தது.

ஒரே ஒரு நாள் அந்த ஷட்டர் இறங்கியிருந்தால் போதும் அக்கா. அடுத்த நாள் நானே வந்து தூக்கியிருப்பேன்.

மெஷின் சண்டையை இவர் வேண்டுமென்றேதான் பெரிதாக்கினார். அந்த மாடியில் என்னால் இருக்க முடியவில்லை என்று அண்ணனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சண்டை போடுவது சுலபமாக இருந்தது.

இதைப் படித்து நீங்கள் அழுவீர்கள் என்று தெரியும். என்ன செய்யட்டும்.

சின்னவள்


மார்ச் 9

சின்னவளுக்கு,

கடிதம் வந்தது. இஸ்திரி போட்டுக்கொண்டே பிரித்தேன். யாருடையதோ வெள்ளைச் சட்டை, முதுகில் பெட்டி அப்படியே நின்றுபோய்க் கருகிவிட்டது. இத்தனை வருடத்தில் நான் கருக்கிய முதல் சட்டை.

யாரும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். பேசக்கூடாது என்று சொன்னது நான். ரொட்டிக்கடைக்காரி மாடிக்கு வருகிறேன் என்று படியில் கால் வைத்தாள். நான்தான் தடுத்தேன். "அவகிட்ட அதப் பத்தி மூச்சு விடாதீங்க, கிளற வேண்டாம்" என்று ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். புண்ணைத் தொடாமல் இருந்தால் ஆறும் என்றுதான் எனக்குத் தெரியும். வேறு எனக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?

நீ மயக்கத்தில் கிடந்தாய். சின்னவன் வெளியே ஓடிவிட்டான். துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். கனமாகத்தான் இருந்தாள். நம் வீட்டுக்கு வரவேண்டிய ஒரே பிள்ளை அவள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை என்று ஆனபிறகு, உன் வயிற்றைப் பார்த்துத்தான் நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியாதா அது?

மறுநாள் கடையைத் திறக்காமல் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய். உட்கார்ந்திருந்தால் அப்படியே சரிந்திருப்பேன். அப்புறம் உனக்கு யார் கஞ்சி வைப்பது?

இன்னும் என்னவோ எழுத வேண்டும். வரவில்லை.

அக்கா


மார்ச் 24

சின்னவளுக்கு,

நீ பதில் போடவில்லை. போடாவிட்டாலும் பரவாயில்லை, இதைப் படித்துவிடு.

அவள் போன தேதி எனக்கு மறந்திருக்கும் என்று நினைத்திருப்பாய். வருடா வருடம் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். இந்த வருடம் காலையில் கீழே போனேன், ஷட்டரைத் தூக்கவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். உன் பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். "சாவி காணலயா?" என்று கேட்டார். "இருக்கு, இன்னிக்குத் திறக்கல" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். தேதி அவருக்கும் தெரிந்திருக்கிறது. உள்ளே போய் இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார். பளு தூக்காதே என்று சொல்லியிருக்கிறார்கள், நான் தடுக்கவில்லை.

நம் தெருவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. மூடின ஷட்டரைப் பார்த்தால் அவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? முதலில் ரொட்டிக்கடைக்காரி மாவுக் கையோடு சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. "தள்ளு, நான் திறக்கறேன், நீ போய்ப் படு" என்றாள்.

"இன்னிக்கு வேண்டாம்."

"ஏன், யாரு செத்தது?"

"உனக்குத் தெரியும். மாடியில இருந்தாளே, அவ பொண்ணு."

அவள் நீட்டிய சாவியை இறக்கினாள். "அது மூணு வருஷம் ஆச்சே."

"ஆச்சு. நான்தான் அன்னிக்கு மூடல."

உனக்கு அவளைத் தெரியும், அழுகையை அடக்கத் தெரியாதவள். அங்கேயே, தெருவில், என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். என் புடவையெல்லாம் மாவு. அப்புறம் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். "நீதான் பேசாத, போகாதன்னு சொன்ன. நான் அன்னிக்கே வந்து அவளக் கட்டிப் பிடிச்சு அழுதிருப்பேன். அவ கீழ வந்தப்ப எனக்கு அழுக முட்டிட்டு வந்துச்சு, நீ பார்த்துடுவியேன்னு உள்ள ஓடினேன்" என்றாள். நீ அதை வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தாய். அதனால்தான் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முடிவெட்டுகிறவர் வந்தார். அவருக்குத் தெரிந்த நம் பாஷை எல்லாம் சின்னவன் கற்றுக்கொடுத்த கெட்ட வார்த்தைகள்தான், துக்கம் கேட்க அதில் ஒன்றும் உதவாது. இவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். பூட்டுக்காரர் ஒவ்வொரு கடைக்குள்ளும் போனார். ஆணிகளில் தொங்கிய நம் கடைச் சாவிகளை எல்லாம் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். யாரும் தெரியாமல் திறந்துவிடக் கூடாதாம். பேசாத மனிதருக்கு எவ்வளவு யோசனை பார்.

நடுவில் ஒருத்தன் கோட்டு வேண்டும் என்று வந்து கத்தினான். அவனுக்கு ஏதோ வேலைக்கு நேர்முகத் தேர்வாம். எனக்கு எழுந்து எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. இவர் என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, "துக்கம் தம்பி, நாளைக்கு வாங்க" என்றார். "யாரு?" என்று கேட்டான். "எங்க வீட்டுப் பொண்ணு" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்கப்புறம் அவன் கத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனான்.

மதியத்துக்குள் மற்ற ஷட்டர்களும் இறங்கிவிட்டன. நான் யாரையும் கேட்கவில்லை. ரொட்டி உள்ளே சூடாகவே கிடந்தது. தெருவே சத்தமில்லாமல் இருந்தது. உன்னை நினைத்துக்கொண்டேன், இதை நீ மேலே படுத்துக் கேட்டிருக்க வேண்டும் என்று. ரொட்டிக்கடைக்காரி ஒன்று கேட்டாள். "குழந்தைக்கு என்ன பேரு?" என்றாள். "பேரு வைக்கல" என்றேன். "அப்ப எதச் சொல்லிக் கூப்பிட்டு அழறது?" என்றாள்.

நான் அன்றைக்குக் கடையைத் திறந்தது தப்பு என்று இப்போதும் என் வாயில் வரவில்லை. ஆனால் உனக்கு வேண்டியிருந்தது வேறு என்று புரிகிறது. அதற்குமேல் என்னைக் கேட்காதே.

கையெழுத்துக்கு இனி உங்களைக் கூப்பிட மாட்டேன். ரொட்டிக்கடைக்காரி, "நான் தெம்பா இல்லையா?" என்று கட்டடக்காரரிடமே போய் நின்றாள். அவளுடைய தோளைப் பார்த்துவிட்டு அவரும் மறுக்க முடியாமல் ஒரு வருடத்துக்குச் சரி என்றார். மூட்டைகளை அவளும் முடிவெட்டுகிறவரும் இறக்குவார்கள். ஒரு வருடம் கழித்து என்ன ஆகுமோ, போன் உறைக்காரன் போய்விடவில்லை. அன்றைக்கு ஒரு நாள் சும்மா உட்கார்ந்த பிறகுதான், நான் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறேன் என்றே எனக்குத் தெரிந்தது. இனி வாரத்தில் ஒரு நாள் மூடப்போகிறேன். இவரும் தலையாட்டிவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். சின்னவனிடம் அவன் அண்ணன் கேட்டதாகச் சொல். அவர் கேட்கவில்லை, ஆனால் கேட்க ஆசைப்படுகிறார்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை வேலையிடத்தில் படித்தேன். என்னோடு வேலை செய்கிறவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் படித்துக் காட்ட முடியாது. கையால் ஷட்டர் இறக்குவது போலக் காட்டினேன். என்ன புரிந்துகொண்டாளோ, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வீட்டில் இவரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். "அண்ணன் பொண்ணுன்னு சொன்னாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். அரைமணி நேரம் பேசினார்கள், அதில் பாதி நேரம் இரண்டு பேருமே பேசவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் அந்த மெஷினைப் பற்றி மறுபடி சண்டை ஆரம்பித்தது என் காதில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைக்கு வேலைக்கு வருவேன் என்று சொல்ல மாட்டேன் அக்கா. எனக்கு இன்னும் முடியாது. அந்த மாடியில் தங்கவும் முடியாது, ரொட்டிக்கடையம்மா வீட்டில் ஓர் இரவு இடம் கொடுப்பாளா என்று கேளுங்கள். இந்தச் சனிக்கிழமை காலை வண்டியில் இரண்டு பேரும் வருகிறோம்.

பெயர் வைக்கவில்லை என்று ரொட்டிக்கடையம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். வைத்திருந்தேன் அக்கா. ஐந்தாம் மாதத்திலேயே வைத்துவிட்டேன். தனியாகத் துணி மடிக்கும்போது கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், உள்ளேயிருந்து உதைப்பாள். இவருக்குக்கூடத் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதை இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு மனமில்லை. வந்து என் வாயால் சொல்கிறேன். நீங்கள் ஒரு தடவை சத்தமாகக் கூப்பிட வேண்டும்.

உங்கள்
சின்னவள்